தகரக் குரல்ல கேட்ட புத்தகங்கள்

பஸ்ல உக்காந்து படிச்சா எனக்குக் குமட்டும், சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பொள்ளாச்சிலேருந்து கோயமுத்தூருக்கு தினமும் வேலைக்குப் போய்ட்டு வர ஆரம்பிச்சப்போ போக ஒண்ணேகால் மணி நேரம் வர ஒண்ணேகால் மணி நேரம், பையில புக்கு இருக்கும், எடுத்தா நாலு பக்கம் தாண்டாது, தலை சுத்த ஆரம்பிச்சுடும். கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், ஈச்சனாரின்னு ஸ்டாப்பை எண்ணிக்கிட்டே போவேன். அப்போ எங்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல கூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி, "அக்கா, போனே படிச்சுக் காட்டும்க்கா, நீங்க காதுல மாட்டிக்கிட்டா போதும்"னு சொல்லி, செட்டிங்ஸ்குள்ள போய் தமிழ் குரலை டவுன்லோட் பண்ணி, ஒரு ரீடர் ஆப்பும் போட்டுக் குடுத்தா. அன்னிக்கு சாயங்காலம் உக்கடத்துல பஸ் ஏறி ஹெட்போன் மாட்டினவதான், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் வந்தது தெரியல.

முதல் மூணு நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தாது, நிறுத்தக் கூடாத எடத்துல நிறுத்தும், கேள்வியும் பதிலும் ஒரே தொனியில வரும். நாலாவது நாள் காது பழகிடுச்சு. இதை யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க, ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு ஐயோ ரோபோ மாதிரி இருக்குன்னு கழட்டிக் குடுத்துடறாங்க. புது வாத்தியார் வந்தாக்கூட அவர் பேச்சு பிடிபட ஒரு வாரம் ஆகும் இல்லையா, அந்த ஒரு வாரத்தை இதுக்கும் குடுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அந்த ஒரு வாரம் தாண்டினவங்களுக்கு குரல் மறைஞ்சுடும், கதை மட்டும்தான் கேக்கும்.

ஆனா நான் இதை எழுத உக்காந்தது என் பஸ் பயணத்துக்காக இல்ல, எங்க பெரியப்பாவுக்காக.

பெரியப்பா தமிழாசிரியர். முப்பது வருஷத்துக்கு மேல அரசு மேல்நிலைப் பள்ளியில வேலை பாத்தவர். ரிட்டயர் ஆன பிறகு கண் அழுத்த நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிடுச்சு. இந்த நோய் ஓரத்துலேருந்து தின்னுக்கிட்டே வரும், நடுப்பார்வை கடைசி வரைக்கும் இருக்கற மாதிரியே தெரியறதால ரொம்ப பேருக்கு முத்தின பிறகுதான் தெரியுது, அவருக்கும் அப்படித்தான் ஆச்சு. (நாப்பது தாண்டினவங்க தயவு செஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கண்ல பிரஷர் பாத்துக்குங்க, இதைச் சொல்லாம விட மனசு வரல.) வீடு நிறைய புக்கு. அலமாரிகிட்ட போய் நின்னு புக்கோட முதுகைத் தடவித் தடவி இது இன்ன புக்குன்னு சொல்லுவாரு, எடுக்க மாட்டாரு. அதைப் பாத்துட்டு பெரியம்மா உள்ள போயிடுவாங்க.

பார்வையில்லாதவங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற ஒரு தம்பி வந்து அவர் லேப்டாப்ல என்விடிஏ போட்டுக் குடுத்தாரு. ஸ்க்ரீன்ல இருக்கறதை எல்லாம் வாய்விட்டுப் படிக்கற சாஃப்ட்வேர் அது, காசு கிடையாது. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்ங்கறவர் எழுத ஆரம்பிச்சது, அவரும் பார்வையில்லாதவர், அவரோட கூட்டாளி ஜேம்ஸ் டேயும் பார்வையில்லாதவர். ஸ்க்ரீன் ரீடர் வாங்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் விலைக்கு மேல குடுக்கணும்ங்கற நெலமை இருந்தப்போ, கண்ணு தெரிஞ்சவங்க சும்மா பாக்கறதை நாங்க மட்டும் ஏன் காசு குடுத்துப் பாக்கணும்ங்கற ஞாயமான கேள்வியிலேருந்து வந்தது. அதோட கூடவே வர்ற குரல்தான் ஈஸ்பீக். அந்தக் குரலைத்தான் நான் மொதல்ல பெரியப்பா வீட்டுல கேட்டேன். தகர டப்பாக்குள்ள தேனீ பேசற மாதிரி இருந்துச்சு. அதுவும் அவர் வெச்சிருந்த வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல, அவர் பாட்டுக்கு தலையாட்டிக் கேட்டுட்டிருக்காரு.

எனக்கு மனசு கேக்கல. இந்த வயசுல இவ்ளோ படிச்ச மனுஷன் இந்தக் குரலையா கேக்கணும்னு, அடுத்த ஞாயித்துக்கிழமை போய் நல்ல குரலா மாத்தித் தர்றேன்னு உக்காந்தேன். இப்போ நல்ல குரலுக்குப் பஞ்சமே இல்ல. மைக்ரோசாஃப்ட்ல மட்டும் எத்தனை தமிழ்க் குரல் தெரியுமா, இந்தியத் தமிழுக்கு பல்லவி, வள்ளுவர், இலங்கைத் தமிழுக்கு சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்கு கனி, சூர்யான்னு எட்டு குரல். எட்ஜ் பிரவுசர்ல பக்கத்தைத் தெறந்து சத்தமா படின்னு குடுத்தா போதும், நெட்டு மட்டும் வேணும். ஆப்பிள்ல வாணின்னு ஒரு குரல் இருக்கு. நான் பல்லவியைப் போட்டுக் காட்டினேன். அச்சு அசல் ரேடியோல செய்தி வாசிக்கற பொண்ணு மாதிரி.

பெரியப்பா அஞ்சு நிமிஷம் கேட்டாரு. "நல்லாத்தான் இருக்குது கண்ணு. கதை கேக்க இது வெச்சுக்கறேன். படிக்கறதுக்கு பழசே இருக்கட்டும்."

"ஏனுங் பெரியப்பா, இதுவும் படிக்கத்தானே செய்யுது?"

"இது எனக்குப் படிச்சுக் காட்டுது. அது நான் படிக்கற மாதிரி இருக்குது."

அந்த வித்தியாசம் எனக்கு அப்போ புரியல, அவர் பக்கத்துல ஒக்காந்து பல நாள் பாத்த பிறகுதான் புரிஞ்சுது. அவர் ஒரு பத்தியை விட்டு இன்னொரு பத்திக்குத் தாவுவாரு, ஒரு வார்த்தையில நின்னு எழுத்து எழுத்தா கேப்பாரு, திரும்ப மேல போவாரு, நம்ம கண்ணு பக்கத்துல ஓடற மாதிரி அவர் விரல் கீபோர்டுல ஓடும். கீயை அமுக்கின அடுத்த நொடி சத்தம் வரணும், அரை நொடி தாமதமானாலும் படிக்கற ஓட்டம் அறுந்துடும். ஈஸ்பீக்குக்கு அந்தத் தாமதமே கிடையாது. காரணம் அது செஞ்ச விதம். மனுஷக் குரலைப் பதிவு பண்ணி ஒட்டறது இல்ல அது, தொண்டையும் வாயும் ஒரு ஓசைக்கு எப்படி அதிரும்ங்கறதை எண்களா வெச்சுக்கிட்டு, ஆ, ஈ, ஊ மாதிரி ஓசைகளை அப்பப்போ கணக்குப் போட்டே உண்டாக்குது. அதனால சைஸும் சில எம்பிதான். ஜோனதன் டடிங்டன்ங்கறவர் 1995ல ஏகார்ன் கம்ப்யூட்டருக்காக எழுத ஆரம்பிச்சது, எவ்ளோ சின்ன மெஷின்லயும் ஓடணும்னு எழுதினது, பெரிய கம்பெனிங்க தமிழ் பக்கம் திரும்பிப் பாக்காத காலத்துலயே அதுல தமிழ் இருந்துச்சு. இன்னொண்ணு வேகம். அதோட சாதாரண வேகமே நிமிஷத்துக்கு 175 வார்த்தைன்னு வெச்சிருக்காங்க, பெரியப்பா அதைவிட ரொம்ப மேல வெச்சிருக்காரு. மனுஷக் குரல் மாதிரி இருக்கற குரலை அந்த வேகத்துக்கு ஓட்டினா ஒரு எழுத்து மேல இன்னொரு எழுத்து ஏறி கொழகொழன்னு ஆயிடும். தகரக் குரல் எவ்ளோ வேகமா போனாலும் ஒவ்வொரு எழுத்தும் ஆணி அடிச்ச மாதிரி தனியா நிக்கும்.

பேச முடியாமப் போன விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் கம்ப்யூட்டர் மூலமா பேசின குரலும் இந்த ஜாதிதான். அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல இருந்த டென்னிஸ் கிளாட்ங்கறவர் தன்னோட சொந்தக் குரலை வெச்சு உருவாக்கின குரல் அது, 80கள்ல. அதுக்கப்புறம் எத்தனையோ நல்ல குரல் வந்துச்சு, 2016ல கூகுளோட டீப்மைண்ட் வேவ்நெட்னு ஒண்ணு கொண்டு வந்த பிறகு கம்ப்யூட்டர் குரலோட தரமே மாறிப்போச்சு, ஆனா ஹாக்கிங் கடைசி வரைக்கும் அந்தப் பழைய குரலை விடல. அதுதான் என் குரல்னு இருந்துட்டாரு. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னப்போ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கிளாட் இருக்காரான்னு கேட்டாரு. இல்லைங்க, 1988லயே போயிட்டாருன்னேன். "போன மனுஷன் குரல் இன்னொரு மனுஷனுக்கு முப்பது வருஷம் வாயா இருந்திருக்குது பாரு"ன்னாரு.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். குரல் சரியில்ல, தமிழை ஒழுங்கா படிக்க மாட்டேங்குதுன்னு நம்ம சொல்றோம்ல, அதுல முக்காவாசி குரல் மேல தப்பே இல்ல. தப்பு நம்ம டைப் பண்ணி வெச்சிருக்கற எழுத்துல இருக்கு.

ஒரு நாள் பெரியப்பா போன் பண்ணினாரு, குரல்ல அப்படி ஒரு பதட்டம். "கண்ணு, இது ஔவையாரை ஒளவையார்ங்குது. ஒ-ள-வை-யார். நான் வேகத்தைக் குறைச்சும் கேட்டுட்டேன். பல்லவியும் அப்படித்தான் சொல்லுது. முப்பது வருஷம் பசங்களுக்கு ஆத்திசூடி சொல்லிக் குடுத்தவன் நான், என்னால இதைக் கேட்டுட்டு உக்கார முடியல." அன்னிக்கு சாயங்காலமே போனேன். ஸ்க்ரீன்ல பாத்தா 'ஔவையார்'னு சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரே, எழுத்து எழுத்தா போய்ப் பாரு, நான் சொல்றேன்னு, கர்சரை அந்த வார்த்தையில வெக்கச் சொல்லி அம்புக்குறியை ஒவ்வொண்ணா தட்டினாரு. ஒ. அடுத்த தட்டு, ள. அடுத்த தட்டு, வை. அங்க ஔங்கற எழுத்தே இல்ல! டைப் பண்ணினவங்க ஒ அடிச்சு பக்கத்துல ள அடிச்சிருக்காங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒரு வித்தியாசமும் தெரியாது. மெஷின் என்ன எழுதியிருக்கோ அதை நேர்மையா படிச்சிருக்கு. டைப்ரைட்டர்ல ஔவுக்குத் தனி கீ கெடையாது, ஒவும் ளவும்தான் அடிப்போம், அந்தப் பழக்கம் கை மாறி கை மாறி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துடுச்சுன்னு பெரியப்பாதான் சொன்னாரு.

அதுக்கப்புறம் தேட ஆரம்பிச்சோம், அம்மாடி. கௌரவம்னு இருக்கற எடத்துல பாதி கெ-ள-ர-வ-ம். பௌர்ணமி பெளர்ணமி, மௌனம் மெளனம், சௌகரியம் செளகரியம். பத்திரிகை, பாடப்புத்தகம், பெரிய பெரிய எழுத்தாளருங்க புத்தகம் எதுவும் பாக்கி இல்ல. பேப்பர்ல அச்சடிச்ச வரைக்கும் இதனால யாருக்கும் ஒரு நஷ்டமும் வரல. காதால படிக்கறவங்க வந்த பிறகுதான் இது தப்புன்னே தெரியுது. தேடும்போதும் இதே கதைதான், 'மௌனம்'னு தேடினா 'மெளனம்'னு அடிச்ச பக்கம் பெரும்பாலும் கெடைக்காது. இதைப் படிக்கற நீங்க எழுதறவங்களா இருந்தா, உங்க கீபோர்டுல ஔ எங்க இருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை பாத்து வெச்சுக்குங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

சில எடத்துல மட்டும் பெரியப்பா மெஷின் பக்கம் நின்னுட்டாரு. நம்ம எழுத்துல க ஒண்ணுதான், அதை எங்க 'க'ன்னு அழுத்திச் சொல்லணும், எங்க மெதுவா சொல்லணும்ங்கறது சொல்லோட எடத்தைப் பொறுத்தது, அந்த விதியை மெஷினுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. சொல்லுக்கு முதல்ல வந்தா வல்லோசை, மெல்லினத்துக்குப் பின்னாடி வந்தா மெல்லோசை. 'தங்கம்'ல வர்ற கவும் 'கல்'லுல வர்ற கவும் வேற வேற, அதைச் சரியா படிக்குது. ஆனா வெளியேருந்து வந்த பேருன்னா மாட்டிக்கும். காந்தின்னு நம்ம வாயில வர்ற பேரை, ஒளின்னு அர்த்தம் வர்ற 'காந்தி' மாதிரி முதல் எழுத்தை அழுத்திப் படிக்கும். பாரதியையும் தமிழ்ச் சொல்லா நெனச்சு அழுத்திப் படிக்கும். நான் இதை மாத்திடலாமான்னு கேட்டேன். "எதுக்கு? நம்ம எழுத்துப்படி அது சரியாத்தான் படிக்குது, நான் அப்படித்தான் கேட்டுப் பழகிக்கறேன். அது ல, ள, ழ மூணையும் பிரிச்சுச் சொல்லுது பாரு, என்ற கிளாஸ்ல நாப்பது பேர்ல நாலு பேருதான் அப்படிச் சொன்னாங்க"ன்னாரு. மாத்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு.

எண்ணுதான் ரொம்பப் பாடு. 1956-ல்னு எழுதினா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தி ஆறுன்னு சொல்லி ஒரு மூச்சு விட்டுட்டு 'ல்'லுங்கும். 10-வதுன்னா பத்து, வது. கி.பி.ன்னு வந்தா ஒவ்வொரு புள்ளியிலயும் வாக்கியம் முடிஞ்சதா நெனச்சு நிக்கும். இதெல்லாம் பழகிடும்.

பழக முடியாத கொடுமை பழைய ஃபான்ட். யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் உலகம் பூரா ஒரே எண்ணு குடுக்கற முறை, வர்றதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு ஃபான்ட் வெச்சு டைப் பண்ணினோம் இல்லையா, பாமினி, டிஸ்கி, டேப், டேம்னு, அதுல பல ஃபான்ட்ல உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டது, அவ்ளோதான். பெரியப்பாவோட பழைய மாணவர் ஒருத்தர் தன்னோட கவிதைத் தொகுப்பை ஆசையா ஃபைலா அனுப்பியிருந்தாரு, பாமினில. தெறந்ததும் ஈஸ்பீக் என்னமோ உளறுது. எழுத்து எழுத்தா தட்டினா 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்'ங்குது. அது என்ன வார்த்தை தெரியுமா? தமிழ். தமிழ்ங்கற சொல்லைத்தான் அது அப்படிப் படிச்சுது. பெரியப்பா திரும்பத் திரும்ப அதையே தட்டிக் கேட்டாரு, அன்னிக்கு அவர் முகத்தைப் பாக்க முடியல. நான் என்ஹெச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தி எடுத்துட்டு வந்து குடுத்தேன், ஒரே ராத்திரியில முழுசும் படிச்சு முடிச்சு அந்த மாணவருக்குப் போன் பண்ணி ரெண்டு சந்திப்பிழை சொன்னாரு.

2010ல நம்ம கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாசத்துலதான் தமிழ்நாடு அரசு யூனிகோடை தரமா அறிவிச்சுது. இத்தனை வருஷம் ஆகியும் இன்னும் புத்தகம் லே-அவுட் பண்ற எத்தனையோ எடத்துல பழைய ஃபான்ட்தான் ஓடுது. அச்சுக்குப் போனா போதும்னு இருக்காங்க. அப்புறம் அதையே இ-புக்கா மாத்தும்போது என்ன பண்றாங்க, பக்கத்தைப் படமா எடுத்துப் போட்டுடறாங்க. படத்தை எந்தக் குரலும் படிக்காது. போன வருஷம் நான் ஒரு பதிப்பகத்துல காசு குடுத்து ஒரு வரலாற்று நூல் இ-புக் வாங்கினேன், பெரியப்பா பொறந்த நாளுக்குன்னு. தெறந்தா முன்னூத்திச் சொச்சம் பக்கமும் படம். பெரியப்பா லேப்டாப் ஒவ்வொரு பக்கத்துலயும் 'காலி'ன்னு சொல்லுது. போன் பண்ணிக் கேட்டா, டெக்ஸ்டா குடுத்தா திருடிடுவாங்கம்மா, அதான் இப்படிங்கறாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது, திருட்டு பிடிஎஃப் எப்படிச் சுத்துதுன்னு எனக்கும் தெரியும். ஆனா காசு குடுத்து வாங்கினவருக்குக் காலி பக்கம் குடுத்துட்டு அதைப் பாதுகாப்புன்னு சொல்றது ஞாயமே இல்ல.

இந்தச் சண்டை நம்ம ஊர்ல மட்டும் இல்ல. 2009ல அமேசான் கிண்டில் 2ங்கற இ-புக் படிக்கற மெஷினைக் கொண்டு வந்தப்போ, எந்தப் புத்தகத்தையும் அதுவே படிச்சுக் காட்டும்னு ஒரு வசதி வெச்சாங்க. அமெரிக்காவுல இருக்கற எழுத்தாளர் சங்கம், ஆத்தர்ஸ் கில்ட், இது ஆடியோ உரிமை, தனியா காசு குடுக்கணும்னு கிளம்பிடுச்சு. அமேசானும் இறங்கி வந்து, வேணாம்னா பதிப்பாளரே அணைச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க. பார்வையில்லாதவங்க நியூயார்க்ல அந்தச் சங்கத்து ஆபீஸ் முன்னாடி போய் நின்னாங்க. நாங்க திருட வரல, காசு குடுத்து வாங்கிப் படிக்கத்தான் கேக்கறோம்ங்கறதுதான் அவங்க பக்கத்து ஞாயம். அப்புறம் 2013ல மொராக்கோ நாட்டு மராக்கேஷ்ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க, அச்சுல இருக்கறதைப் படிக்க முடியாதவங்களுக்காக புத்தகத்தை அவங்க படிக்கற வடிவத்துக்கு மாத்திக்க காப்புரிமை தடையா இருக்கக் கூடாதுன்னு. உலகத்துலயே முதல்ல அதை ஏத்துக்கிட்டு உறுதி பண்ணின நாடு இந்தியா, 2014ல. அதுக்கும் முன்னாடியே 2012ல நம்ம காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அந்த விலக்கைச் சேத்துட்டாங்க. மாற்றுத்திறனாளி ஒருத்தர் சொந்தமா படிக்கறதுக்காக யாரு வேணாலும் லாப நோக்கமில்லாம மாத்திக் குடுக்கலாம். சுகம்ய புஸ்தகாலயான்னு 2016லேருந்து ஒரு ஆன்லைன் நூலகமும் இருக்கு. நல்ல சட்டம், பெருமையா சொல்லிக்கலாம். அது பதிப்பகத்துல போனை எடுக்கறவங்க காது வரைக்கும் போய்ச் சேரணும், அவ்ளோதான்.

அந்த வரலாற்று நூலை நானே மாத்தினேன். பக்கம் பக்கமா கூகுள் டிரைவ்ல போட்டு ஓசிஆர் எடுத்தேன், படத்துல இருக்கற எழுத்தை டெக்ஸ்டா மாத்தறதுதான் அது, வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்கு மேல ஒக்காந்து உதவி பண்ணினாரு. இங்கதான் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் தெரிஞ்சுது. ஓசிஆர் விட்ட தப்பைக் கண்ணால கண்டுபிடிக்கறதை விடக் காதால சுலபமா கண்டுபிடிச்சுடலாம். துணைக்காலும் ரவும் ஒண்ணு போல இருக்கறதால அது அடிக்கடி மாத்திப் போட்டுடும், காலம்ங்கறது கரலம்னு வரும், மரம் மாம்னு வரும். நம்ம கண்ணு அதைப் பாத்தாலும் மூளை காலம்னே படிச்சுட்டுத் தாண்டிப் போயிடும். காது தாண்டாது. 'அக்கரலத்தில்'னு பல்லவி சொல்லும்போதே பெரியப்பா கை தூக்கிடுவாரு. இதைவிட வேடிக்கையான ஒண்ணு, என்ன, என்று, எல்லாம் எல்லாத்துலயும் முதல்ல வர்ற எ போல தமிழ் எண் ஏழும் இருக்கும், ஓசிஆர் அங்க ஏழைப் போட்டுடுது. படிக்கறப்போ 'ஏழு ன்று'ங்கும். ஒரு அத்தியாயம் முழுக்க மன்னர்கள் ஏழு ன்று கூறினார்கள், ஏழு ல்லாம் நடந்ததுன்னு வந்துச்சு, பெரியம்மா சமையல்கட்டுலேருந்து, அதென்ன எல்லாத்தையும் ஏழு ஏழுன்னே சொல்லுதுன்னு கேட்டாங்க.

இப்போ அதே முறையில ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பைச் சரி பண்ணிட்டிருக்கோம், ஆசிரியர் காலமாகி 60 வருஷம் தாண்டியாச்சு, அதனால யாரு வேணாலும் வெளியிடலாம். 1998 பொங்கல் அன்னிக்கு கல்யாணசுந்தரம் ஐயா சுவிட்சர்லாந்துலேருந்து ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல உலகம் பூரா இருக்கற தமிழருங்க சம்பளமில்லாம டைப் பண்ணிப் போட்டதுதான் பெரியப்பா பார்வை போன பிறகு படிச்ச முதல் சங்க இலக்கியம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்ல எடுத்து நான் பஸ்ல கேட்டது எத்தனைன்னு கணக்கே இல்ல. அவங்க டைப் பண்ணலைன்னா எந்தக் குரலும் எங்களுக்கு எதையும் படிச்சிருக்க முடியாது.

குரலால ஆகாததும் இருக்கு, அதையும் சொல்லணும். செய்யுள் ஆகாது. புறநானூத்துப் பாட்டைப் போட்டா அடி முடிஞ்சதும் தெரியாம சீர் பிரிஞ்சதும் தெரியாம ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போகும். பெரியப்பா என்ன பண்ணுவாருன்னா, ஒரு அடி கேப்பாரு, நிறுத்துவாரு, தானே வாய்விட்டு ஓசையோட சொல்லுவாரு, அடுத்த அடிக்குப் போவாரு. அவருக்குப் பாதி மனப்பாடம், அதனால நடக்குது. புதுசா படிக்கற பசங்களுக்கு மனுஷக் குரல்தான் வேணும். பேச்சுவழக்குல எழுதின கதையும் சில சமயம் தடுமாறும், எங்க கொங்குப் பேச்சைப் படிக்கும்போது சொல்லெல்லாம் இருக்கும், அந்த இழுவை இருக்காது.

ஆனா நாவல்ல அது நடிக்காததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஈச்சனாரி தாண்டி பஸ் போய்ட்டிருக்கு, கதையில நான் ரொம்ப நாளா கூடவே வந்த ஒரு அம்மா செத்துப்போறாங்க. குரல் அதைச் சொல்லிச்சு, மூச்சு விடற நேரம் கூட விடல, 'அத்தியாயம் பதினெட்டு'ன்னு அடுத்த வரிக்குப் போயிடுச்சு. சட்டுனு நிறுத்தினேன். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே வந்தேன், கிணத்துக்கடவுல கோயில் மலை வரைக்கும் திரும்ப ஆன் பண்ணல. நல்ல ஆடியோ புக்குல படிக்கறவங்க தழுதழுத்துப் படிச்சிருப்பாங்க, பின்னாடி வயலின் கூட வந்திருக்கும், எனக்கு அழுகை எந்த வரியில வரணும்னு அவங்க முடிவு பண்ணியிருப்பாங்க. இங்க அதை நானே பாத்துக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் பெரியப்பா சொன்னது, நான் படிக்கற மாதிரி இருக்குதுன்னு சொன்னாரே, அது எனக்குள்ள இறங்குச்சு.

என்விடிஏல அகராதின்னு ஒரு வசதி இருக்கு, ஒரு சொல்லை இப்படிப் படிக்காதே, அப்படிப் படின்னு நாமளே எழுதி வெக்கலாம். பெரியப்பா அதுல உக்காந்துட்டாரு. உ.வே.சா.ன்னு வந்தா உ வே சாமிநாதையர்னு படிக்கணும். ஒ, ள, வைன்னு வந்தா ஔவைன்னு படிக்கணும். கெளரவம், பெளர்ணமி, மெளனம் எல்லாம் எழுதி வெச்சாச்சு. 1956-ல் மாதிரி எடத்துல 'ல்'லைப் பிரிக்காம 'இல்'னு சேத்துப் படிக்க வெக்க ஒரு வாரம் மண்டையை உடைச்சாரு, என்விடிஏ போட்டுக் குடுத்த அந்தத் தம்பிக்குப் போன் பண்ணிப் பண்ணி அதையும் முடிச்சுட்டாரு. நானூறு சொல்லுக்கு மேல ஆயிடுச்சு. காந்தி, பாரதி ரெண்டையும் மட்டும் இன்னும் தொடல.

போன ஞாயித்துக்கிழமை போனப்போ பென்டிரைவ் இருக்கான்னு கேட்டாரு. அந்தத் தம்பிகிட்ட புதுசா ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் கத்துக்கிட்டிருக்காம், பிளஸ் டூ, தமிழ் எடுத்துப் படிக்கணும்னு ஆசையாம். அகராதி ஃபைலை எடுத்து அதுல போட்டுக் குடுத்தேன். கையில வாங்கி மூடியைத் தடவிப் பாத்துட்டு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு, அப்புறம் திரும்ப எடுத்து, "ஒரு வாட்டி மாட்டி, ஔவைன்னு படிக்குதான்னு பாத்துடு கண்ணு"ன்னாரு.